மீட்டர் பூச்சியம் காட்டினால் நம்பலாமா?

ஒரு வீட்டில் சுவிட்சு ஒன்று கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்பணியாளர் வருகிறார். மெயினை அணைத்துவிட்டுச் சுவிட்சுப் பலகையைத் திறக்கிறார். கையோடு கொண்டுவந்த மல்டிமீட்டரின் இரு ஊசிமுனைகளையும் உள்ளேயுள்ள கம்பிகளில் வைத்துப் பார்க்கிறார். மீட்டர் 0 என்று காட்டுகிறது. மின்சாரம் இல்லை என்று முடிவு செய்து அவர் கம்பியைக் கையால் தொடலாமா?

அந்தப் பூச்சியத்திற்குப் பல பொருள்கள் உண்டு. கம்பியில் உண்மையிலேயே மின்னழுத்தம் இல்லாமல் இருக்கலாம். அல்லது மீட்டரின் சோதனைக் கம்பி உறைக்குள்ளேயே அறுந்து போயிருக்கலாம். அல்லது மீட்டரின் திருகு தவறான இடத்தில் நிற்கலாம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அது வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. நேர்திசை மின்னழுத்தத்திற்கான பகுதியில் திருகை வைத்து இதனை அளந்தால், முன்னே போனதும் பின்னே வந்ததும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மீட்டர் பூச்சியத்தையே காட்டும். இன்னொன்றும் உண்டு. பல மீட்டர்களில், காட்டிய எண்ணை அப்படியே நிறுத்தி வைக்க ‘ஹோல்டு’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அது தெரியாமல் அழுந்தியிருந்தால், பத்து நிமிடத்திற்கு முன் காட்டிய பூச்சியமே இன்னமும் நின்றுகொண்டிருக்கும்.

இவற்றுள் முதற்பொருள் ஒன்றுதான் உயிருக்குப் பாதுகாப்பானது. மற்ற எல்லாவற்றிலும் கம்பியில் 230 வோல்ட் இருந்துகொண்டிருக்கலாம்.

உடைந்த வெப்பமானி தன் பழுதை மறைப்பதில்லை. பாதரசம் சிந்திவிடும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். மின்னழுத்தம் அளக்கும் கருவியோ அப்படியன்று. அது கெட்டுப் போனாலும் ‘இல்லை’ என்று சொல்கிறது. நல்ல நிலையில், மின்சாரம் இல்லாத கம்பியைத் தொட்டாலும் ‘இல்லை’ என்றே சொல்கிறது. இரண்டு ‘இல்லை’களையும் பிரித்தறியத் தெரிந்தவரே மீட்டரைப் பயன்படுத்தத் தெரிந்தவர். ஆகவே மீட்டரால் மற்றவற்றைச் சோதிப்பதற்கு முன், மீட்டரையே எப்படிச் சோதிப்பது என்பதைக் காண்போம்.

தேர்ந்த மின்பணியாளர்கள் கடைப்பிடிக்கும் முறை ஒன்றுண்டு. முதலில், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். அது 230க்கு அருகில் காட்ட வேண்டும். அடுத்து, வேலை செய்ய வேண்டிய கம்பியில் வைப்பார்கள். அது பூச்சியம் காட்ட வேண்டும். அத்துடன் விடாமல், மூன்றாம் முறையாக, முன்பு பார்த்த அதே பிளக்கில் மீண்டும் வைத்துப் பார்ப்பார்கள். முதல் சோதனைக்கும் இரண்டாம் சோதனைக்கும் இடையில் மீட்டர் கெட்டுப் போயிருந்தால்? அதைக் காட்டிக்கொடுப்பது இந்த மூன்றாவது சோதனைதான். அரை நிமிட வேலை. அவசரத்தில் பலரும் விட்டுவிடுவதும் இதையே.

இது பெரியவர்களின் வேலை என்பதை மறக்க வேண்டாம். 230 வோல்ட்டை நீங்கள் அளக்கக் கூடாது. கீழே சொல்லப்போகும் சோதனைகள் எல்லாவற்றையும் டார்ச்சு செல்லையும் 9 வோல்ட் பாட்டரியையும் கொண்டே செய்துவிடலாம்.

உள்ளே இருப்பது என்ன?

1920களுக்கு முன், மின்னோட்டத்தை அளக்க ஒரு பெட்டி, மின்னழுத்தத்தை அளக்க ஒரு பெட்டி, மின்தடையை அளக்க மற்றொரு பெட்டி என்று சுமந்து திரிய வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் பொறியாளராக இருந்த டொனால்டு மக்கேடி என்பவர் இதில் சலித்துப் போய், மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். ஆம்பியர், வோல்ட், ஓம் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஏவோ’ மீட்டர் என்று பெயரிடப்பட்ட அது 1923இல் விற்பனைக்கு வந்தது. அந்த வரிசையில் வந்த கருவிகள் 2008 வரை தயாரிக்கப்பட்டன.

ஊசி காட்டும் மீட்டரின் இதயம், நீங்கள் ஆய்வகத்தில் பார்த்திருக்கும் இயங்கு சுருள் கால்வனாமீட்டரேதான். நல்ல மீட்டர் ஒன்றில் 50 மைக்ரோ ஆம்பியர் ஓடினாலே ஊசி கடைசிக் கோடு வரை போய்விடும். இத்துடன் தொடர் இணைப்பில் பெரிய மின்தடையைச் சேர்த்தால் வோல்ட்மீட்டர். பக்க இணைப்பில் மிகச் சிறிய மின்தடையை, அதாவது இணைதடத்தைச் சேர்த்தால் அம்மீட்டர். உள்ளே ஒரு செல்லையும் வைத்துவிட்டால் ஓம்மீட்டர். நடுவிலுள்ள திருகு செய்வதெல்லாம், வேண்டிய மின்தடையைத் தேர்ந்து இணைப்பதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்க ஊசி மீட்டருக்கு உள்ளே செல்லே தேவையில்லை. அளக்கப்படும் சுற்றே ஊசியைத் தள்ளும் ஆற்றலைக் கொடுத்துவிடுகிறது. ஓம் அளக்க மட்டுமே செல் வேண்டும். எனவே, வோல்ட் சரியாகக் காட்டி, ஓம் மட்டும் காட்டாத ஊசி மீட்டரைக் கண்டால், திறந்து பார்க்காமலே செல் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

எண் காட்டும் மீட்டர் வேறு வகை. இதை ஒரு தண்ணீர்த் தொட்டியின் உதவியால் புரிந்துகொள்ளலாம். எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது என்று தெரியாத ஒரு குழாயை, சரியாக 1000 நொடிக்குத் தொட்டியில் திறந்துவிடுங்கள். பிறகு அதை மூடிவிட்டு, வேகம் தெரிந்த மற்றொரு குழாய் வழியாகத் தொட்டியைக் காலி செய்யுங்கள். காலியாக எத்தனை நொடி ஆனது என்று எண்ணினால், முதற் குழாயின் வேகம் தெரிந்துவிடும். தொட்டிக்குப் பதில் ஒரு மின்தேக்கி. தெரியாத குழாய் நாம் அளக்கும் மின்னழுத்தம். தெரிந்த குழாய் மீட்டருக்குள்ளேயே இருக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தம். நொடிகளுக்குப் பதில் மிக வேகமான மின் துடிப்புகள். அந்த எண்ணிக்கையே திரையில் எண்ணாகத் தெரிகிறது. 1970களில் இன்டர்சில் நிறுவனம் வெளியிட்ட ஐ.சி.எல். 7106 என்ற சில்லு இம்முறையில்தான் இயங்குகிறது. மலிவான மீட்டர்கள் பலவும் அதன் வழிவந்தவையே. அவை 1999 வரைதான் எண்ணும்.

இந்தத் தொட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் தேவைப்படும்.

பழுதைத் தேடுதல்

வீட்டில் எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் வரவில்லை என்றால் மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்ப்போம். ஒரு குழாயில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் குழாயைத்தான் பார்ப்போம். மீட்டருக்கும் இதே நியாயம்தான். எல்லா ரேஞ்சுகளிலும் பழுது என்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்புகளில் தேட வேண்டும்: சோதனைக் கம்பிகள், பாட்டரி, திருகின் தொடுமுனைகள், கால்வனாமீட்டர் அல்லது சில்லு. ஒரு ரேஞ்சு மட்டும் தவறு என்றால், அந்த ரேஞ்சுக்கு உரிய மின்தடையே குற்றவாளி. யாரோ திருகை ஓமில் வைத்துக்கொண்டு வீட்டு மின்சாரத்தைத் தொட்டிருப்பார்கள். உள்ளே ஒரு ரெசிஸ்டர் கருகியிருக்கும். எனவே கெட்ட மீட்டர் கைக்கு வந்ததும் திருப்புளியைத் தேடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, எந்தெந்த ரேஞ்சு வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலே பாதி வேலையை முடித்துவிடும்.

முதற் சந்தேகம் எப்போதும் சோதனைக் கம்பிகள் மேல் விழ வேண்டும். மீட்டரிலேயே அதிகமாக வளைவதும் இழுபடுவதும் அவைதாம். பிளக்கிற்குள் கம்பி நுழையும் இடத்திலும், ஊசிமுனையின் கைப்பிடிக்குள் நுழையும் இடத்திலும் உள்ளிருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே உறை முழுதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. திருகை 200 ஓம் ரேஞ்சில் வைத்து, இரு ஊசிமுனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடியுங்கள். எண் மீட்டர் 0.2 அல்லது 0.5 போன்ற ஒரு சிற்றெண்ணைக் காட்டும். அது கம்பிகளின் சொந்த மின்தடை, பழுதன்று. இப்போது கம்பிகளை இரு முனைகளிலும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். எண் தாவினால், அல்லது திரையின் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றால் கம்பி அறுந்திருக்கிறது. சில மீட்டர்களில் 1க்குப் பதில் ‘ஓ.எல்.’ என்ற எழுத்துகள் தோன்றும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: அளக்க முடியாத அளவுக்குப் பெரிய மின்தடை. கம்பிகளை ஒட்டுப்போட்டு ஓட்டுவதைவிடப் புதிய இணை வாங்கிவிடுவது நல்லது. உறை வெடித்த கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; அதை வெட்டி எறிந்துவிடுங்கள்.

அடுத்தது பாட்டரி. ஊசி மீட்டரில் ஓம் அளக்கும் முன், ஊசிமுனைகளைச் சேர்த்துப் பிடித்து, பக்கத்திலுள்ள குமிழைத் திருகி ஊசியை வலக்கோடியில் உள்ள 0 ஓம் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குமிழைக் கடைசி வரை திருகியும் ஊசி அந்தக் கோட்டை எட்டவில்லையா? 1.5 வோல்ட் செல் தளர்ந்துவிட்டது. பெருக்கல் பத்தாயிரம் ரேஞ்சில் மட்டும் இப்படி ஆனால், அந்த ரேஞ்சுக்கென்று தனியாக வைத்திருக்கும் 9 வோல்ட் பாட்டரி தளர்ந்திருக்கும்.

எண் மீட்டரில் பாட்டரி தளர்வது இதைவிட வஞ்சகமான பழுது. அடியோடு தீர்ந்துவிட்டால் திரை வெறுமையாகிவிடும். நாமும் ஏமாற மாட்டோம். தீரும் தறுவாயில்தான் ஆபத்து. 7106 வகைச் சில்லுகளில் ஒப்பீட்டு மின்னழுத்தம் 9 வோல்ட் பாட்டரியிலிருந்தே உண்டாக்கப்படுகிறது. பாட்டரி ஏறத்தாழ 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் அந்த ஒப்பீட்டு அளவும் சரியத் தொடங்குகிறது. நம் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் குழாயின் வேகம் குறைந்தால் தொட்டி காலியாக அதிக நேரம் ஆகும், எண்ணிக்கை கூடும். ஒப்பீட்டு அளவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 9.0 வோல்ட் என்பது 10.0 வோல்ட் என்று தெரியும். ஆக, மீட்டரின் பாட்டரி தளரத் தளர, வெளியே உள்ள மின்னழுத்தங்கள் எல்லாம் உயர்ந்துவிட்டதுபோல் தோன்றும்! நல்ல பாட்டரியை ‘மிகவும் நல்ல பாட்டரி’ என்று மீட்டர் புகழத் தொடங்கினால், மீட்டரின் பாட்டரியை மாற்றுங்கள். திரையின் மூலையில் சிறு பாட்டரிப் படம் தோன்றுவது இந்த எச்சரிக்கைக்காகத்தான்.

மூன்றாவது பியூஸ். வோல்ட், ஓம் எல்லாம் சரியாகக் காட்டும் மீட்டர், மில்லி ஆம்பியர் ரேஞ்சில் மட்டும் எதை அளந்தாலும் பூச்சியம் என்கிறதா? பியூஸ் போயிருக்கிறது. இது எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆம்பியர் அளக்கும் நிலையில் மீட்டர் ஒரு வெறும் கம்பித் துண்டைப் போன்றது. அதன் மின்தடை மிக மிகச் சிறிது. அதைச் சுற்றில் தொடராக இணைக்காமல், பாட்டரியின் இரு முனைகளிலும் நேராக வைத்தால் அது குறுக்குச் சுற்றாகிவிடும். மின்னோட்டம் அளந்து முடித்தவர் சிவப்புக் கம்பியை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, திருகை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பி அளக்கப் போவதே வழக்கமான விபத்து. திருகு வோல்ட் என்கிறது. கம்பி செருகிய துளையோ ஆம்பியர். வெற்றி பெறுவது துளைதான்.

பியூசைச் சோதிக்க எளிய வழி: ஒரு 1.5 வோல்ட் செல், ஒரு 1000 ஓம் ரெசிஸ்டர், மீட்டர் மூன்றையும் தொடராக இணையுங்கள். ஓம் விதிப்படி 1.5 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். 20 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் அதற்கு அருகில் காட்டினால் பியூஸ் நலம். ரெசிஸ்டர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் இச்சோதனையில் எதுவும் கெடாது.

பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூசையே போட வேண்டும். 0.2 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 0.2 ஆம்பியரே. நம்மூரில் ஒரு வழக்கம் இருக்கிறது: பியூஸ் இடத்தில் ஒரு செம்பு இழையைச் சுற்றிவிடுவது, சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைப்பது. இது சிக்கனமன்று, கையில் வெடியைப் பிடித்துக்கொள்வது. தரமான மீட்டர்களின் பியூசுக்குள் மணல் நிரப்பியிருப்பார்கள். உயர் அழுத்தத்தில் கம்பி உருகும்போது தோன்றும் மின்பொறியை அந்த மணல் அணைத்துவிடும். கண்ணாடிக் குழல் பியூசுக்கு அந்தத் திறன் குறைவு. மலிவான மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்குப் பியூசே கிடையாது. அதைத் துளைக்கு அருகிலேயே சிற்றெழுத்தில் அச்சிட்டும் இருப்பார்கள். அந்தத் துளையில் கம்பியைச் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிள் பாட்டரியைத் தொட்டால், மீட்டரைக் காப்பாற்ற எதுவுமில்லை. கம்பி பழுக்கக் காய்ந்து கையையும் சுடும்.

திருகின் தொடுமுனைகள் நாளடைவில் களிம்பேறும். எண் நிலையில்லாமல் துள்ளினால், மீட்டரை அணைத்துவிட்டு, திருகை இருபது முறை முன்னும் பின்னும் சுழற்றிப் பாருங்கள். பல நேரம் இதுவே போதும். எண்ணெய் விடாதீர்கள், தையல் இயந்திரத்துக்கு நல்லது இதற்கு ஆகாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திரையில் எண்ணின் சில கோடுகள் தெரியாமல் போவதும் உண்டு. நடுக்கோடு மறைந்த 8, பார்வைக்கு 0 ஆகிவிடுமல்லவா? மீட்டரை இயக்கியவுடன் பல கருவிகளில் எல்லாக் கோடுகளும் ஒரு கணம் தெரிந்து மறையும். அந்தக் கணத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். திரைக்கும் பலகைக்கும் இடையே உள்ள, மின்சாரம் கடத்தும் ரப்பர் பட்டையைத் துடைத்துத் திரும்ப வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில்லே கெட்டிருந்தால் விட்டுவிடலாம். மலிவான மீட்டர்களில் அது கருநிறப் பிசினால் மூடப்பட்ட ஒரு பொட்டு. அதைப் பழுது பார்க்க முடியாது.

உறையைத் திறப்பதற்கு முன், இரு கம்பிகளையும் மீட்டரிலிருந்து உருவிவிட வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை.

பழுதல்லாத பழுதுகள்

கடையில் ‘கெட்டுவிட்டது’ என்று கொண்டுவரப்படும் மீட்டர்களுள் சில, நோயே இல்லாத நோயாளிகள். எண் மீட்டரை மிகச் சிறிய மில்லி வோல்ட் ரேஞ்சில் வைத்து, கம்பிகளை எதிலும் சேர்க்காமல் மேசைமேல் போட்டால், எண்கள் தம் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். காற்றிலுள்ள மின்புலத்தைக் கம்பிகள் உணர்வதே காரணம். முனைகளைச் சேர்த்துப் பிடித்தால் பூச்சியமாகிவிடும். ஆகவே மீட்டர் நலம்.

இதன் மூத்த அண்ணன் ‘பேய் வோல்ட்’. சுவருக்குள் ஒரே குழாயில் பல கம்பிகள் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றை இரு முனையிலும் கழற்றிவிட்ட பின்னும், எண் மீட்டர் அதில் 60 வோல்ட், 80 வோல்ட் என்று காட்டுவதுண்டு. அடுத்துள்ள மின் கம்பியும் இதுவும் சேர்ந்து ஒரு சிறு மின்தேக்கியைப் போல் ஆகிவிடுகின்றன. அதன் வழியே கசியும் மின்னோட்டம் அற்பம். ஆனால் எண் மீட்டரின் உள்மின்தடை பெரும்பாலும் 10 மெகாஓம் என்பதால் அந்த அற்பமே போதுமானதாகிவிடுகிறது. அதே இடத்தில் மின்பணியாளர் டெஸ்ட் லாம்பை வைத்தால் பல்பு எரியாது. ஆனால் இதைச் சாக்கிட்டு, மீட்டர் காட்டும் வோல்ட்டையெல்லாம் பேய் என்று சொல்லிவிடக் கூடாது. பேயா, மெய்யா என்று தீர்ப்பது அந்தப் பல்புதான், நம் ஊகமன்று.

அடுத்ததை நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 9 வோல்ட் பாட்டரியில் சேருங்கள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். 10 மெகாஓம் உள்மின்தடை கொண்ட எண் மீட்டர் ஏறத்தாழ 4.3 என்று காட்டும். 50 மைக்ரோ ஆம்பியர் ஊசி மீட்டரோ, 10 வோல்ட் ரேஞ்சில் 1.3 வோல்ட்டைக்கூடத் தொடாது! எங்கே போயிற்று மீதி? அந்த ரேஞ்சில் ஊசி மீட்டரின் மின்தடை 2 லட்சம் ஓம். அதனை 1 மெகாஓமுக்குப் பக்க இணைப்பில் வைத்தவுடன் இரண்டும் சேர்ந்து 1,67,000 ஓம் போல் ஆகிவிடுகின்றன. 9 வோல்ட்டின் பெரும்பங்கு மற்ற ரெசிஸ்டருக்குப் போய்விடுகிறது. திருகை 50 வோல்ட் ரேஞ்சுக்கு மாற்றுங்கள். இப்போது மீட்டரின் மின்தடை 10 லட்சம் ஓம். ஊசி 3 வோல்ட் காட்டும். ரேஞ்சை மாற்றினால் விடையும் மாறுகிறது என்றால், மீட்டர் தான் அளக்கும் சுற்றையே மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காய்ச்சல் பார்க்கப் போன வெப்பமானி நோயாளியைக் குளிரவைத்தது போலத்தான்.

ஊசி மீட்டரில் டயோடைச் சோதிக்கும் மாணவர்கள், அது தலைகீழாகக் கடத்துகிறது என்று திகைப்பதுண்டு. ஊசி வலப்புறம் நகர, மின்னோட்டம் சிவப்புத் துளை வழியே மீட்டருக்குள் நுழைய வேண்டும். எனவே ஓம் ரேஞ்சில் உள்ளிருக்கும் செல் தன் மின்னோட்டத்தைக் கறுப்புத் துளை வழியே வெளியே அனுப்பிச் சிவப்பு வழியே திரும்பப் பெறுகிறது. அதாவது, ஓம் அளக்கும்போது பெரும்பாலான ஊசி மீட்டர்களில் கறுப்பு முனையே நேர்முனை. எண் மீட்டர்களில் சிவப்புத்தான் நேர்முனை.

வறண்ட நாளில் ஊசி மீட்டரின் பிளாஸ்டிக் மூடியைத் துணியால் தேய்த்துத் துடைத்துவிட்டால், எதிலும் இணைக்காமலே ஊசி நகர்ந்து நிற்கும். தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டுகளை இழுக்குமே, அதே நிலைமின்சாரம். மூடிமேல் ஒருமுறை வாயால் ஊதுங்கள். மூச்சின் ஈரம் பட்டதும் ஊசி வீடு திரும்பிவிடும்.

எதைக் கொண்டு சரிபார்ப்பது?

வேறு மீட்டர் இல்லாமலே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. ஒரு செல்லை அளங்கள்; முனைகளை மாற்றி வைத்து மறுபடி அளங்கள். எண் மாறாமல் கழித்தல் குறி மட்டும் வர வேண்டும். இரண்டு செல்களைத் தனித்தனியே அளந்து, பின் தொடராக இணைத்து அளங்கள். 1.58ம் 1.55ம் சேர்ந்து 3.13 ஆக வேண்டும். இரண்டு ரெசிஸ்டர்களையும் இப்படியே கூட்டிப் பார்க்கலாம்.

ஆனால் இந்தக் கூட்டல் ஒரு பிழையைப் பிடிக்காது. மீட்டர் எல்லாவற்றையுமே பத்தில் ஒரு பங்கு மிகைப்படுத்திச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொய்யோடு பொய் கூட்டினாலும் கணக்கு அழகாகவே வரும். தளர்ந்த பாட்டரி செய்வது இதைத்தான். இதைப் பிடிக்க, வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்: மாறாத மின்னழுத்தம் ஒன்று.

அறிவியலாளர்களுக்கும் இதே தேவை இருந்தது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எட்வர்டு வெஸ்டன், 1893இல் காட்மியத்தையும் பாதரசத்தையும் கொண்டு ஒரு செல்லை உருவாக்கினார். அதன் மின்னழுத்தம் 1.018 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ மாறாமல் நிற்கும். 1911 முதல் அதுவே உலகத் தர அளவாக விளங்கியது. 1990இல் அந்த இடத்தை ஜோசப்சன் சந்திகள் பிடித்தன. மிகுந்த குளிரில் வைக்கப்பட்ட இந்தச் சந்திகளின் மேல் நுண்ணலைகளைச் செலுத்தினால், அலையின் அதிர்வெண்ணைக் கொண்டே மின்னழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். நம் நாட்டின் அளவைத் தரங்களைப் பேணிவருவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே ஒப்பிடப்பட்ட கருவியோடு ஒப்பிடப்பட்ட கருவி, அதனோடு ஒப்பிடப்பட்ட இன்னொன்று என்று படிப்படியாக இறங்கி, நம் கை மீட்டரை ஆலையில் திருத்தி அனுப்பும் கருவி வரை ஒரு சங்கிலி நீள்கிறது.

அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி சற்றுத் தளர்வானது. மீட்டருடன் வரும் தாளில் அதன் தளர்ச்சி எவ்வளவு என்று எழுதியிருக்கும். ஒரு மீட்டரின் 20 வோல்ட் ரேஞ்சுக்கு ‘0.5 விழுக்காடு, அத்துடன் கடைசி இலக்கத்தில் 2’ என்று போட்டிருந்தால், 1.58 என்ற அளவில் 0.5 விழுக்காடு ஏறத்தாழ 0.008; கடைசி இலக்கத்தில் 2 என்பது 0.02, இரண்டும் சேர்ந்து 0.028. எனவே உண்மை மதிப்பு 1.55க்கும் 1.61க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். புதிய செல் ஒன்றை உங்கள் மீட்டரிலும் பள்ளி ஆய்வகத்து மீட்டரிலும் அளந்து பாருங்கள். ஒன்று 1.58 என்றும் மற்றொன்று 1.56 என்றும் சொன்னால், இரண்டு மீட்டர்களும் நல்லவையே. ஒன்று 1.58, மற்றொன்று 1.74 என்றால், முதலில் அதிகம் காட்டுவதன் பின்மூடியைக் கழற்றி, அதன் 9 வோல்ட் பாட்டரியை எடுத்து மற்ற மீட்டரால் அளந்து பாருங்கள்.